வாசல் குழாய்

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்து பத்து நாள் ஆகிறது. ப்ளஸ் ஒன் பிள்ளைகளை இன்றுதான் முதல் முறையாக லேபுக்குள் விட்டேன். முப்பத்தெட்டு பெண்கள், நாலே சிங்க். வழக்கமான பிரசங்கம்: ஆசிட்டை முகர்ந்து பார்க்காதீர்கள், பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கிறதே என்று டைகுரோமேட்டில் கை வைக்காதீர்கள். தொண்டை கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தால், எங்கள் வீட்டில் வேலை செய்யும் கங்கம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மகள் துர்காவுக்கு இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவம் வரை இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாளாம். மாப்பிள்ளை வீடு கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே. "அங்க தண்ணி ஒரே உப்பும்மா. இங்க வந்து நம்ம தண்ணி குடிச்சிகினு இருந்தா கொயந்த நல்லா வளரும்."

நம்ம தண்ணி என்று அவள் சொல்வது எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் வாசல் குழாயை. ஊரே வறண்டு கிடந்த அந்த 2019 கோடையில் எங்கள் அடுக்குமாடியின் போர்வெல் மட்டும் வற்றவில்லை. பின்சந்தில் கங்கம்மாவுடையதோடு சேர்த்துப் பதினோரு வீடு. குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்மல் மெயின் ரோடு வரை போய்க்கொண்டிருந்தார்கள். அசோசியேஷனில் சண்டை போட்டு அந்தக் குழாயை வைக்க வைத்தவள் நான். காலையில் ஆறிலிருந்து எட்டு வரை. ஆறு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அங்கே குடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு நிறைவு வரும். ஒரு தடவை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்திருந்தேன்.

மூன்றாவது மாடி ஜெபகுமார் ஃபிளாட்டை விற்கிறார். வாங்குகிறவர் தண்ணீர் ரிப்போர்ட் கேட்கிறாராம். செக்ரட்டரி என்ற முறையில் சம்ப்பிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து தாம்பரத்தில் ஒரு லேபில் கொடுத்தேன். ஒரு சம்பிரதாயம்தான்.


ஜூன் 19, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மொபைலில் பார்த்தேன். கடினத்தன்மை, உப்பு, இரும்பு எல்லாம் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தில் குரோமியம். லிட்டருக்கு 0.38 மில்லிகிராம். இருக்கலாம் என்று அனுமதிப்பது 0.05.

ஏழு மடங்குக்கு மேல்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று லேபுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு தடவை பாத்தோம் மேடம். பெரும்பகுதி ஆறு வேலன்சி குரோமியம்தான், ரொம்ப விஷமான வகை. பக்கத்துல பழைய டேனரி ஏதாவது இருந்துதா?"

இருந்ததாவா? பம்மலில் நின்றுகொண்டு இந்தக் கேள்வி. தோல் பதனிட்ட கழிவை வருஷக்கணக்காகக் குடித்த மண்ணின் மேல்தான் நாங்கள் நான்கு மாடி கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

நிறமில்லை, வாடையில்லை, ருசியும் கெடவில்லை. இந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பொருளைக் கையால் தொடாதே என்று போன வாரம் பிள்ளைகளிடம் கத்தினேனோ, அந்த டைகுரோமேட்டின் அதே குரோமியக் குடும்பம்.

சாயங்காலம் மகள் ஹர்ஷாவிடம் இனிமேல் பல் தேய்க்கக்கூட கேன் தண்ணி என்று சொன்னேன். "ஏம்மா?" என்றாள். பைப்பில் துரு என்றேன்.

நாங்கள் குடிப்பது எப்போதும் கேன் தண்ணிதான். போர் தண்ணி குளிக்க, துவைக்க. குடிப்பதற்குச் சரிப்படாது என்று நாங்களே ஒதுக்கிய தண்ணீரைத்தான் வெளியே குழாய் வைத்துக் கொடுத்தோம் என்பது ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு உறைத்ததில்லை.


ஜூன் 20, வெள்ளி

காலை ஆறேகால். பால்கனியிலிருந்து பார்த்தேன். கங்கம்மா இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனாள்.


ஜூன் 22, ஞாயிறு

கார் பார்க்கிங்கில் அசோசியேஷன் கூட்டம். பதினாறு வீட்டில் பதினோரு பேர் வந்தார்கள். ரிப்போர்ட்டைப் படித்து விளக்கும் வேலை எனக்கு, கெமிஸ்ட்ரி டீச்சர் ஆயிற்றே. தோலில் புண், வயிற்று உபாதை, வருஷக்கணக்கில் குடித்தால் கல்லீரல், சிறுநீரகம், பிறகு கான்சர் வரை என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன்.

முதலில் வாய் திறந்தவர் ஜெபகுமார். "மேடம், அக்ரிமெண்ட் போட்டாச்சு. இது வெளிய போச்சுன்னா என் கதி?"

தலைவர் அரிகிருஷ்ணன் சார், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர், கையை உயர்த்தினார். "ஜெபகுமார் கதி மட்டும் இல்ல. நம்ம எல்லார் கதியும்தான். நாம யாரும் இதைக் குடிக்கிறதில்ல. அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

ஜெபகுமாரின் மனைவி ரோஸிதான் கேட்டாள்: "வெளியே குழாய்ல பிடிக்கிறாங்களே சார்?"

பிறகு அரிகிருஷ்ணன் சார் சொன்னார்: "திடீர்னு மூடினா ஏன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும். மோட்டார் ரிப்பேர்னு சொல்லி மெதுவா நிறுத்திடலாம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது பெரிய தப்பு என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடைசி மூன்று வரியும் பொய்.

என் நோட்டில் நானே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? யாருக்காக அப்படி எழுதினேன்?

நடந்தது இது. "தப்பில்லையா சார்?" என்று கேட்டேன். கேள்வியாக, சின்னக் குரலில். அவர் "நீங்களே சொல்லுங்க மேடம், வேற வழி?" என்றார். மினிட்ஸ் நோட்டை எடுத்து என் கையெழுத்திலேயே எழுதினேன்: 'தண்ணீரின் தரம் குறித்து விவாதிக்கப்பட்டது. மறுபரிசோதனைக்குப் பின் முடிவு செய்யப்படும்.' மறுபரிசோதனை என்ற வார்த்தையை யாரும் சொல்லித்தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு. "பிரமாதம் மேடம்," என்றார் அரிகிருஷ்ணன் சார். எனக்கு அந்த நிமிஷம் — இதையும் எழுதிவிடுகிறேன் — சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜெபகுமார் வேறொரு பாட்டிலை வேறொரு லேபுக்கு அனுப்பப் போகிறாராம். அதில் எந்தத் தண்ணீர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஃபிளாட் விலைக்காகவா வாயை மூடினேன்? அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. அந்தக் குழாய் என் குழாய். சந்துப் பெண்கள் என்னைப் பார்த்தால் "டீச்சர் வெச்ச பைப்பு" என்பார்கள். அந்தப் பேர் போய்விடுமே என்ற பயம். அதை எழுதுவதற்கே கை கூசுகிறது.


ஜூன் 26, வியாழன்

இன்று பேசிவிடுவது என்று தீர்மானித்துத்தான் சமையலறைக்குள் போனேன். கங்கம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் காய்ந்து வெடித்து, சில இடத்தில் சின்னச் சின்னப் புண். ரொம்ப நாளாகவே உண்டு. சோப்புத்தூள் அலர்ஜி என்று நான்தான் போன வருஷம் ஒரு ஆயின்மெண்ட் வாங்கிக் கொடுத்தேன்.

"கங்கம்மா, அந்தத் தண்ணிய…" என்று ஆரம்பித்தேன்.

திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா?"

"அதைக் காய்ச்சிக் குடிங்க. மழைக்காலம் வரப் போவுது. துர்கா வேற வரா."

"சரிம்மா. நீ சொன்னா சரிதான். கேஸ்தான் செலவாவும், பரவால்ல."

காய்ச்சினால் கிருமி சாகும். குரோமியம் எங்கே போகும்? தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். மிச்சத் தண்ணீரில் அது இன்னும் கூடும். ஒரு பரீட்சைத் தாளில் எவளாவது 'காய்ச்சினால் உலோகம் நீங்கும்' என்று எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். இருபது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்த வாயால் இதைச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை.


ஜூன் 29, ஞாயிறு

துர்காவுக்கு வளைகாப்பு. சந்தில் சாமியானா கட்டி, நாற்காலி போட்டு, ஸ்பீக்கர் வைத்து அமர்க்களம். "நீ வந்து மொத வளையல் போடணும்மா" என்று கங்கம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

துர்கா பச்சைப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு பத்தாம் வகுப்பில் ராத்திரி ராத்திரி நான் சயின்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கன்னத்தில் சந்தனம் பூசினேன். "வாங்க மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வளையல் போட்டேன்.

என்னை மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். கங்கம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். எலுமிச்சம்பழம், சர்க்கரை, ஏலக்காய் போட்ட ஜூஸ். "காய்ச்சி ஆற வெச்ச தண்ணில கலக்கினதும்மா. நீ சொன்ன மாரியே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வாங்கிக்கொண்டேன். ஒரு டம்ளரில் எதுவும் ஆகிவிடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் உதடு பிரியவில்லை. டம்ளரை வாய் வரை கொண்டுபோனேன், தொண்டையை அசைத்தேன், கீழே வைத்துவிட்டேன். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் முழு டம்ளர் அப்படியே இருந்தது.

கங்கம்மா பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தொண்டை சரியில்ல கங்கம்மா" என்றேன்.

"பரவால்லம்மா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதைக் கீழே கொட்டவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள். அது மடக் மடக்கென்று குடித்தது.

நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.


ஜூலை 2, புதன்

சுகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவரிடம் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

"அவங்க எல்லாம் இத்தனை வருஷம் குடிச்சாச்சு ப்ரியா. இப்ப நீ சொல்லி என்ன மாறப் போவுது? சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு உன்னைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் இரண்டாவது பாதி சரி. அதனால்தான் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போகிறது.


ஜூலை 5, சனி

கங்கம்மா வேலைக்கு வருகிறாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தால் "வேணாம்மா, குடிச்சிட்டுதான் வந்தேன்" என்கிறாள்.

என்ன நினைக்கிறாள்?


ஜூலை 9, புதன்

இன்றும் சொல்லவில்லை.


ஜூலை 14, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது.

காலையில் கங்கம்மா ஒன்பது மணிக்குத்தான் வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து துர்காவுக்கு விடாமல் வாந்தி, வயிற்று வலி. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றுகிறார்கள். குழந்தைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்களாம். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, என்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

"இன்னா துன்னாளோ தெரியலம்மா. தண்ணிகூட காய்ச்சிதான் குடுக்கறேன். நல்லா சுண்டக் காய்ச்சி. நீ சொன்னியே…"

சுண்டக் காய்ச்சி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். குரோமியம், டேனரி, ரிப்போர்ட், ஏழு மடங்கு. காய்ச்சினால் போகாது, கூடத்தான் செய்யும் என்பதையும் சொன்னேன். வாந்தி இதனால்தானா என்று தெரியாது, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். ஒரே மூச்சில், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அவள் கத்தவில்லை. சிங்க் மேடையில் கை வைத்து நின்றாள்.

"எப்ப தெரியும்?"

"போன மாசம் பத்தொம்பது."

விரலை மடக்கி எண்ணினாள். "இருவத்தஞ்சு நாளு."

"ஆமா."

"காய்ச்சிக் குடின்னு சொன்னியே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

அவள் பார்வை சமையலறை மூலையில் ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்திருந்த கேன் மேல் போய் நின்றது. வாரம் இரண்டு கேன். லிஃப்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து தூக்கி அங்கே வைப்பது அவள்தான். எனக்கு முதுகு வலி.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "வளைகாப்பு அன்னிக்கு நீ குடிக்கல. பாத்துகினுதான் இருந்தேன். எங்க வூட்டுத் தண்ணின்னு குடிக்கல போலன்னு நெனச்சேன். ஆறு வருசம் பயகினும் ஜாதி பாக்குதே இந்தம்மான்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்புறம் மனச தேத்திகினேன், ஒலகம் அப்டிதான கீதுன்னு." நிறுத்தினாள். "அதுவாவே இருந்திருக்கலாம்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். வெடித்த அந்தக் கை.

கீழே இறங்கிப் போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். நேராக சந்துக்குள் போய், வீட்டிலிருந்த குடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து தெருவில் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "இன்னாக்கா, இன்னாச்சு?" கங்கம்மா கையை நீட்டி மேலே காட்டினாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி நேரம்.

அப்புறம்தான் போனேன்.

வாசல் குழாயின் வால்வை மூடினேன். பிறகு சந்துக்குள். கங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஆட்டோ ஓட்டும் சின்னப்பன், அவன் மனைவி சாமுண்டீஸ்வரி, இன்னும் ஏழெட்டு பெண்கள். ரிப்போர்ட்டை சின்னப்பனிடம் கொடுத்து, எந்த வரி, எந்த எண் என்று காட்டினேன். சாமுண்டீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப உங்க வூட்ல யாரும் இத்த குடிக்கலியா டீச்சர்?" என்றாள். திட்டுகிற தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.


ஜூலை 16, புதன்

மனு எழுதினேன். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று. ரிப்போர்ட் வந்த தேதியையும் போட்டேன். சின்னப்பன் படித்துவிட்டு, "உங்க பேரும் போடுங்க டீச்சர், இல்லாங்காட்டி நாங்க எங்கியோ தூக்கியாந்த காயிதம்னு சொல்லுவான்" என்றான். பேர், ஃபிளாட் நம்பர், செக்ரட்டரி என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அரிகிருஷ்ணன் சார் வந்தார். உட்காரவில்லை. "பதினாறு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க. உங்களுக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா?"

இருபத்தைந்து நாள் கழித்து வந்த மனசாட்சி. அதை அவரிடம் சொல்லவில்லை.

சுகுமார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ஹர்ஷா மட்டும் அறைக்குள் வந்தாள். "பைப்ல துருன்னு சொன்னியே, அன்னிக்கே தெரியுமாம்மா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். பதினாறு வயசுப் பெண் என்னைப் பார்த்த பார்வை.


ஜூலை 20, ஞாயிறு

துர்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இரண்டு கேன் தண்ணியை நானே தூக்கிக்கொண்டு போனேன். சந்து முனை வருவதற்குள் மூச்சு வாங்கியது.

கங்கம்மா வாசற்படியில் நின்று வழியை மறித்தாள்.

"எதுக்கு இது?"

"துர்காவுக்கு…"

"பதினோரு வூடு கீது. எங்க வூட்டுக்கு மட்டும் தூக்கியாந்துட்ட. எத்தினி நாளைக்கு குடுப்ப? ஆறு வருசத்துக்குமா?"

கதவைச் சாத்தவில்லை. திறந்தே வைத்திருந்தாள், நான் போகும் வரை. கேன்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.


ஜூலை 27, ஞாயிறு

செக்ரட்டரி பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜெபகுமாரிடம் ஃபிளாட் வாங்க இருந்தவர் பின்வாங்கிவிட்டார். லிஃப்டில் ஜெபகுமாரும் ரோஸியும் ஏறினார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோஸி இறங்கும்போது என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்கும் எனக்குத் தகுதியில்லை. கூட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள்.


ஆகஸ்ட் 6, புதன்

மாநகராட்சியிலிருந்து வந்து எங்கள் போரிலும் சுற்றுப்புறத்தில் இன்னும் நாலு போரிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணி வருகிறது. எப்போது வரும் என்பது லாரிக்காரனுக்குத்தான் தெரியும். பெண்கள் வேலைக்குப் போகாமல் காத்துக்கிடக்கிறார்கள். சாமுண்டீஸ்வரி எதிரே வந்தாள். "உங்க பைப்பு டைமுக்காவது வரும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு சிரிப்பு வரவில்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

பாத்திரங்களை நான்தான் தேய்க்கிறேன். வேறு ஆள் வைக்கலாம் என்கிறார் சுகுமார். வேண்டாம் என்றுவிட்டேன். இது பெரிய தவம் என்று நானே நினைத்துக்கொள்ளக் கூடாது. பாத்திரம் தேய்ப்பது பாத்திரம் தேய்ப்பது, அவ்வளவுதான்.


செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜாப்பூ கொடுத்து, ஒரு பெண் மேடையேறி என்னைப் பற்றிப் பேசினாள். 'தண்ணீர் இல்லாத ஏழைகளுக்குக் குழாய் அமைத்துக் கொடுத்த எங்கள் மிஸ்.' எவ்வளவு பழைய செய்தி. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்வது? பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் சின்னப்பன் ஆட்டோ. அவன்தான் சொன்னான். துர்காவுக்கு புதன்கிழமை பெண் குழந்தை. நாளுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. எடை இரண்டு கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.

"தண்ணியாலயான்னு டாக்டராண்ட கேட்டுகினாங்க டீச்சர். அப்டின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுன்ட்டாரு."

எனக்கும் அதுதான் பதில். எப்போதுமே தெரியப் போவதில்லை. தெரிந்துவிட்டாலாவது ஒரு பக்கமாக விழுந்து அழலாம்.


செப்டம்பர் 21, ஞாயிறு

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாம். போகவில்லை. போகலாம் என்று புடவைகூட மாற்றினேன். யாருக்காகப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். என் மனசு ஆறுவதற்காகத்தான். புடவையை மடித்து வைத்துவிட்டேன்.


அக்டோபர் 11, சனி

சந்துக்கு எதிரே கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம். மனுவுக்குப் பிறகு நாலு தடவை அலைந்து சின்னப்பனும் மற்றவர்களும் கொண்டுவந்தது. தோல், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் வந்து, ஃபார்ம் நிரப்ப ஆள் போதவில்லை. சின்னப்பன் வந்து, "நீங்க எழுதுவீங்களா டீச்சர்?" என்றான். போனேன். ஒரு மேஜை, ஒரு பேனா.

பெயர், வயது, எத்தனை ஆண்டுகளாகக் குடித்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து. காலையிலிருந்து நாற்பது பேருக்கு மேல் எழுதியிருப்பேன். தண்ணீர் எங்கிருந்து என்ற இடத்தில் 'அடுக்குமாடி போர்வெல்' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

பதினொரு மணிக்குக் கங்கம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். மூன்று மாதம் ஆகிறது நேருக்கு நேர் பார்த்து. மெலிந்திருந்தாள். கையில் புண் கொஞ்சம் ஆறியிருந்தது.

"பேர்?" என்று கேட்டுவிட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கங்கம்மா" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் பேனா போனது.

"அங்க இன்னா எழுதறீங்க?" என்றாள். எழுதறீங்க. இத்தனை வருஷத்தில் அவள் என்னை நீங்க என்று சொன்னதே இல்லை. நீ என்பாள், அம்மா என்பாள்.

"அடுக்குமாடி போர்வெல்னு."

"அது தானா வந்து ஊத்திச்சா? குடுத்தவங்க பேர எழுதுங்க மேடம்."

பின்னால் வரிசையில் பேச்சு நின்றது. எழுதினேன்: 'அடுக்குமாடி வாசல் குழாய். திறந்துவிட்டவர், ஜெயப்ரியா, 2-பி.'

"படிச்சிக் காட்டுங்க."

படித்தேன். குரல் எப்படியோ வந்தது. அவள் ஃபார்மைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து ரத்தம் எடுக்கும் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து துர்கா. மடியில் குழந்தை. மஞ்சள் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது; தூங்கிக்கொண்டிருந்தது. துர்காவின் ஃபார்மை எழுதி முடித்தேன்.

"பாப்பாவுக்கும் தனியா எழுதணுமாம் மிஸ், அங்க சொன்னாங்க."

புது ஃபார்ம் எடுத்தேன். வயது: முப்பத்தெட்டு நாள். எத்தனை ஆண்டுகளாக என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வளைகாப்பு அன்னிக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் குடிச்சேன். வயித்துல இருக்கும்போது பதினஞ்சு நாள் மிஸ். அவ்ளோதான்."

ஆண்டு என்பதை அடித்தேன். பதினைந்து நாள் என்று எழுதினேன். அந்தப் பதினைந்தில் எனக்குத் தெரியாத நாள் ஒன்றுகூட இல்லை.

"அடுத்தவங்க வாங்க" என்றேன்.